தலைமாட்டுக் கயிறு

கெல்பிரே,
10 பிப்ரவரி 1974, ஞாயிறு

அன்புள்ள ரோனாவுக்கு,

அக்கா எழுதுவது. நான் நலமாகத்தான் இருக்கிறேன். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? ஹாலிஃபாக்ஸில் பனி ஜன்னல்வரை ஏறிவிட்டது என்று கிறிஸ்துமஸ் வாழ்த்தில் எழுதியிருந்தாய். இங்கே பனி இல்லை, மழைதான். கெல் ஆறு பாலத்தின் இரண்டாவது கல்லைத் தொட்டுவிட்டது.

அப்பா விழுந்துவிட்டார். பயப்படாதே, மணிக்கட்டு மட்டும்தான். கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் இடிந்த மடாலயத்தின் படிகளில் ஒரே பாசி. எழுபத்தொன்பது வயதில் மழையில் அங்கே என்ன வேலை என்று கேட்டேன். "உங்கம்மாவப் பாக்கப் போனேன். நாப்பத்தொரு வருஷம் தபால் பையோட இந்த ஊர்ப் படியெல்லாம் ஏறி எறங்கினவன். ஒரு தடவ வழுக்கினா ஊரே கூடிடணுமா?" என்கிறார்.

கட்டுப் போட்ட கையோடு படுக்கையில் உட்கார்ந்துகொண்டு வாட்டியை வரச் சொன்னார். வாட்டியை உனக்கு நினைவிருக்கும். இன்றும் இந்த ஊரில் சவப்பெட்டி செய்வதும் அடக்கத்தை முன்நின்று நடத்துவதும் அவர்தான். வந்ததும் வராததுமாக, "என்னடா ஆடம், அளவெடுக்கக் கூப்பிட்டியா, டீ குடிக்கக் கூப்பிட்டியா?" என்றார்.

"ரெண்டுக்கும்தான். டீயை முதல்ல குடி. அளவு எங்கயும் போயிடாது."

"ஆளு கொஞ்சம் கொறஞ்சிருக்கியே?"

"உனக்கு மரம் மிச்சம். சந்தோஷப்படு."

இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு என்பது இப்படிப் பேசும்போதுதான் தெரிகிறது. பிறகு வாட்டி அந்தத் தாளை எடுத்தார். பெட்டியின் படம் போட்டுச் சுற்றிலும் எட்டுக் கோடும் எட்டு எண்ணும் அச்சடித்த தாள். குழிக்குள் பெட்டியை இறக்க எந்தக் கயிற்றை யார் பிடிப்பது என்று அப்பா ஒவ்வொன்றாகச் சொல்ல, வாட்டி எழுதினார். நெருங்கினவர்களுக்குத்தானே முதல் எண்கள்; சித்தப்பா மகன் ஹெக்டர் தனக்கு ஐந்தாம் எண் என்று கேள்விப்பட்டதிலிருந்து தபால் நிலையத்துக்கு வந்தால் என் கவுண்ட்டரை விட்டுவிட்டு அடுத்த கவுண்ட்டரில் நிற்கிறான்.

உன் பெயரும் இருக்கிறது. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

ஜூனில் எல்லைச் சவாரி வாரம், ஊர் எல்லையைக் குதிரைகளில் சுற்றிவரும் அதே பழைய திருவிழா. வெளியே போனவர்கள் எல்லாம் வருகிறார்கள். பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஒரு தடவை வந்து போ.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
கிர்ஸ்டி

---

ஹாலிஃபாக்ஸ்,
24 பிப்ரவரி 1974

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகு தேவலை. அப்பாவின் மணிக்கட்டைப் பற்றி மறு தபாலில் எழுது. வலது கையா, இடது கையா என்றுகூட நீ சொல்லவில்லை.

உன் கடிதத்தை நூலகத்தின் பின்கட்டில், யாரும் வராத வரைபட அலமாரிகளுக்கு நடுவே நின்று படித்தேன். "உன் பெயரும் இருக்கிறது" என்ற வரிக்கு மேல் அன்று வேலை ஓடவில்லை.

1955 மார்ச்சை நீ மறந்திருக்க முடியாது. அம்மாவைக் கடைசி ஆறு வாரம் தூக்கி உட்கார வைத்ததும் படுக்க வைத்ததும் நாம் இருவர். உன் கையும் என் கையும்தான். அப்பாவிடம் போய் நான் ஒரு கயிறு கேட்டேன். ஒன்றாம் எண்ணான தலைமாடு கேட்கவில்லை. எதுவாக இருந்தாலும் சரி என்றுதான் கேட்டேன். "பொம்பளைங்க கல்லறைக்கு வர்றதில்ல ரோனா. திரும்பி வர்றவங்களுக்குச் சாண்ட்விச் பண்ணணும். போ" என்றார். ஏழாம் கயிற்றைக் கசாப்புக்கடை பர்டிக்குக் கொடுத்தார்கள். தராசில் கட்டைவிரல் வைத்து அழுத்துகிறார் என்று அம்மா ஒன்பது வருஷம் முகம் கொடுத்துப் பேசாத அதே பர்டி!

நான் ஏப்ரனோடு ஓடி வந்து மடாலயச் சுவர் இடுக்கு வழியாகப் பார்த்தேன். கையில் ரொட்டி வெட்டும் கத்தி இருந்ததே எனக்குத் தெரியவில்லை. கறுப்புக் கோட்டுப் போட்ட எட்டு ஆண்கள். அம்மா கீழே போனாள். பர்டிதான் முதலில் கயிற்றை உள்ளே போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். ஒரு மாதத்தில் நான் கப்பல் ஏறினேன். நீ சமையலறையை விட்டு வரவில்லை. உன்னைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

இப்போது ஒரு தாளில் பெயர் எழுதினால் வந்துவிடுவேன் என்று நினைக்கிறாரா? எனக்குக் கோபம் என்று நினைக்காதே. கோபமெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. அது இருந்த இடத்தில் வேறெதையும் வைக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் சொல். என்ன எண்? ஏழு என்றால் மறைக்காமல் சொல்லிவிடு.

அன்புடன்,
ரோனா

---

கெல்பிரே,
17 மார்ச் 1974

அன்புள்ள ரோனாவுக்கு,

நான் சுகம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன். மணிக்கட்டு இடது. கட்டுப் பிரித்தாயிற்று. டீக் கோப்பையைத் தூக்க முடியவில்லை என்பவர் விஸ்கிக் கோப்பையைத் தூக்குகிறார்.

காலம் மாறிவிட்டது. போன இலையுதிர் காலத்தில் டாக்டர் இறந்தபோது அவர் மனைவி கையுறை மாட்டிக்கொண்டு குழிமேட்டில் நின்று கயிறு பிடித்தாள். பாதிரியாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா பின்வரிசையில் இருந்து பார்த்துவிட்டு வந்து, இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை.

சுற்றுலா பஸ்கள் இப்போதே வர ஆரம்பித்துவிட்டன. நேற்று ஒரு அம்மாள் கல்லறைகளுக்கு நடுவில் நின்ற அப்பாவைப் படம் பிடித்திருக்கிறாள். "நான் இன்னும் உள்ளயே போகல, அதுக்குள்ள என்னம்மா அவசரம்?" என்றாராம். அவள் மன்னிப்புக் கேட்டு ஒரு மிட்டாய்ப் பெட்டி கொடுத்தாள். எனக்கு ஒன்றுகூட மிச்சமில்லை.

எண் எனக்கு நினைவில்லை. வாட்டி தாளை உறையில் போட்டு ஒட்டிக் கொண்டுபோய்விட்டார். ஏழு இல்லை, அது தெரியும்.

உன் அக்கா,
கிர்ஸ்டி

---

கெல்பிரே,
21 ஏப்ரல் 1974

மகள் ரோனாவுக்கு,

அப்பா எழுதுவது. உடம்பு பரவாயில்லை. உன் உடம்பு எப்படி?

முட்டைக்கோஸ் நட்டாயிற்று. முயல் தொல்லை. ஹெக்டர் முயலைச் சுடுகிறேன் என்று வந்து என் வேலியைச் சுட்டான்.

நீ நூலகத்தில் வேலை என்று கிர்ஸ்டி சொல்வாள். புத்தகமும் கனம்தான். கையில் பலம் இருக்கிறதா? தலைமாட்டில்தான் பாரம் அதிகம். ஒன்றாம் ஆள் தடுமாறினால் மற்ற ஏழு பேரும் தடுமாறுவார்கள். அதனால் கேட்டேன்.

இதை நானே நடந்துபோய்ச் சந்தைத் திடலின் கல் சிலுவைக்கு எதிரே உள்ள தபால் பெட்டியில் போடுகிறேன்.

அப்பா

---

ஹாலிஃபாக்ஸ்,
5 மே 1974

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். கையில் பலம் இருக்கிறது.

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பத்தொன்பது வருஷத்தில் நீங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம். அதில் பாதி முயல்.

ஜூன் 8ஆம் தேதி வருகிறேன். பத்து நாள் விடுப்பு. ரயில் இப்போது ஊர்வரை வருவதில்லையாமே. பஸ்ஸில் வந்து சிலுவையருகே இறங்கிக்கொள்கிறேன். யாரும் வந்து நிற்க வேண்டாம்.

உங்கள் மகள்,
ரோனா

---

ஹாலிஃபாக்ஸ்,
30 ஜூன் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த வெண்ணெய் பிஸ்கட் விமானத்திலேயே தீர்ந்துவிட்டது. அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது?

யாரும் வந்து நிற்க வேண்டாம் என்று எழுதினேனே தவிர, பஸ் திரும்பும்போது கண் சிலுவையடியைத்தான் தேடியது. மழைக்கோட்டின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு நின்றார். நான் இறங்கியதும் என் முகத்தைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தார். "இவ்ளோ சின்னப் பெட்டியா?" என்றார். "பத்து நாள்தானே அப்பா" என்றேன். "ம்" என்றார். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். ஆனால் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு நடந்தார். நான் தடுக்கவில்லை.

ஊர் சின்னதாகிவிட்டது. அல்லது நான் அதைப் பெரிதாக வைத்திருந்தேன். மணிக்கூண்டுக் கடிகாரம் இன்றும் ஆறு நிமிடம் பிந்தி ஓடுகிறது, அதைப் பார்த்துத்தான் எல்லாரும் கடை அடைக்கிறார்கள். சவாரிக் காலையில் கொடி பிடித்த பையன் முன்னால் போக, இருநூறு குதிரை பாலத்தைக் கடந்தபோது என்னை அறியாமல் அழுதேன். பக்கத்தில் நின்ற ஹெக்டர், "வெளியூர்க்காரங்க எல்லாரும் இந்த எடத்துல கரெக்டா அழுதுடுவாங்க" என்றான். நான் வெளியூர்க்காரி.

அந்தப் புதன்கிழமையைப் பற்றி எழுத வேண்டும். அப்பா பழைய தபால் சாக்கில் உருளைக்கிழங்கை ரொப்பிக் கயிறு கட்டினார். தோட்டச் சுவர்மேல் என்னை நிற்க வைத்துச் சந்துக்குள் இறக்கச் சொன்னார். முதல் தடவை 'தொம்' என்று போய் விழுந்தது. "உங்கப்பன் செத்துட்டான்னு உறுதி பண்ணிக்கிறியா?" என்றார். நான் சிரித்ததில் சுவரிலிருந்து விழப்போனேன். பதினோரு தடவை செய்ய வைத்தார். கடைசி நாலு தடவை சத்தமே கேட்கவில்லை. அவர் சொல்லிக்கொடுத்ததை இங்கே எழுதமாட்டேன். அதை எனக்கென்று வைத்துக்கொள்கிறேன். மன்னிப்பு என்ற வார்த்தை அவரிடம் இல்லை. இருந்ததை எடுத்துக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

நீ சமையலறை ஜன்னலில் நின்றாய். கண்ணாடிக்கு அப்பால் உன் முகம் தெரிந்தது. நீ ஏன் வெளியே வரவில்லை?

ஒரே ஒரு வேண்டுகோள். நேரம் வரும்போது எனக்குத் தந்தி கொடு. நீ தந்திக் கவுண்ட்டருக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருக்கிறாய். இந்த விஷயத்தில் என்னைப்போல அதிர்ஷ்டம் யாருக்கு?

அன்புடன்,
ரோனா

---

கெல்பிரே,
11 ஆகஸ்ட் 1974

அன்புள்ள ரோனாவுக்கு,

நான் சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை.

அன்றைக்குப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அதனால்தான் வரவில்லை. அந்த உருளைக்கிழங்கெல்லாம் அடிபட்டுக் கறுத்துப்போயின. இரண்டு வாரம் சூப்பு வைத்தேன்.

அப்பாவின் இருமல் நெஞ்சுக்கு இறங்கியிருக்கிறது. இப்போதெல்லாம் என்னை உன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். முதலில் திருத்தினேன். இப்போது திருத்துவதில்லை. "ரோனா, தலைகாணிய ஒசத்தி வை" என்றால் போய் உயர்த்தி வைக்கிறேன்.

தந்தி விஷயம் சரி.

உன் அக்கா,
கிர்ஸ்டி

---

ஹாலிஃபாக்ஸ்,
6 அக்டோபர் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மேப்பிள் மரங்கள் சிவந்துவிட்டன. நான் நலம். நீ நலமா என்று கேட்பதை இந்தத் தடவை சடங்காக எடுத்துக்கொள்ளாதே. உன் கடைசிக் கடிதம் என்னை என்னவோ செய்கிறது. அப்பா பெயர் மாற்றிக் கூப்பிடுவதை நீ ஒரு புகாரும் இல்லாமல் எழுதியிருக்கிறாய். புகார் சொல்லேன், அக்கா. நான் கேட்கிறேன்.

கதவுக்குப் பின்னால் பெட்டி தயாராக இருக்கிறது. கறுப்புக் கோட்டு, கையுறை, தட்டைக் காலணி. எந்த நாளும் கிளம்பலாம் என்று நூலகத் தலைவர் சொல்லிவிட்டார். பூனையைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்வார்கள். சில நாள் கலைக்களஞ்சியத்தின் நாலு தொகுதிகளைப் பையில் போட்டு மாடிப்படி வழியாகக் கயிற்றில் இறக்கிப் பார்க்கிறேன். கீழ்வீட்டுக்காரர் எனக்குப் பைத்தியம் என்று முடிவுகட்டியிருப்பார்.

தந்தியில் விவரம் ஒன்றும் வேண்டாம். "வா" என்று ஒரு சொல் போதும். இரண்டு நாளில் அங்கே இருப்பேன்.

அன்புடன்,
ரோனா

---

கெல்பிரே,
18 நவம்பர் 1974, திங்கள்

அன்புள்ள ரோனாவுக்கு,

இன்று காலை ஏழரைக்கு அப்பா போய்விட்டார். நாற்காலியில், டீ குடித்துக்கொண்டிருந்தபோது. வேதனைப்படவில்லை. வியாழக்கிழமை இரண்டு மணிக்கு, அம்மாவின் பக்கத்தில் அடக்கம்.

தபால் பை மூன்றரைக்குப் போய்விடும். அதனால் இத்துடன் நிறுத்துகிறேன்.

உன் அக்கா,
கிர்ஸ்டி

---

ஹாலிஃபாக்ஸ்,
26 நவம்பர் 1974

கிர்ஸ்டி,

உன் கடிதம் இன்று காலை வந்தது.

இங்குள்ள தந்தி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். எனக்கு வரவேண்டிய தந்தி ஏதாவது தவறியிருக்குமா என்று. அந்தப் பெண் பதினெட்டாம் தேதியிலிருந்து பதிவேட்டை என் முன்னாலேயே புரட்டினாள். பாவம், இரண்டு தடவை புரட்டினாள்.

பெட்டி இன்னும் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

ரோனா

---

கெல்பிரே,
12 ஜனவரி 1975

அன்புள்ள ரோனாவுக்கு,

நீ நலமா என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன். ஏழு வாரமாக உன் கையெழுத்தைத் தேடித் தபால் பைகளைப் பிரிக்கிறேன். வராது என்று தெரிந்தும் பிரிக்கிறேன்.

எண் எனக்கு நினைவில்லை என்று மார்ச்சில் எழுதியது பொய். ஒன்று உனக்கு, தலைமாடு. இரண்டு எனக்கு, கால்மாடு. அப்பா சொன்னபோது நான்தான் வாட்டிக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றின டீ தட்டிலும் வழிந்தது. இரண்டு பேரும் பார்க்கவில்லை. அப்பா உனக்கு எழுதிய கடிதம்கூட என் கையில்தான் வந்தது. அந்தப் பெட்டியைத் தினமும் நான்தானே திறக்கிறேன். பிரித்துப் படிக்கவில்லை. முத்திரை குத்தி அனுப்பினேன்.

அம்மாவுக்கு நீ கயிறு கேட்டாய். உனக்கு மறுத்தார்கள். அது ஊருக்கே தெரியும். நான் கேட்கவில்லை. அதனால் எனக்கும் கிடைக்கவில்லை என்பது யாருக்குமே தோன்றவில்லை, உனக்கும்கூட. நீ சுவர் இடுக்கில் நின்று பார்த்தாய். நான் பார்க்கக்கூட இல்லை. முப்பத்தாறு சாண்ட்விச் வெட்டினேன்.

அக்டோபர் கடைசியில், நன்றாக இருந்த ஒரு காலையில், அப்பாவிடம் கேட்டே விட்டேன். "அவளுக்கு எதுக்கு ஒண்ணு? பத்தொம்பது வருஷமா இங்க இருக்கறது நான்தானே?"

என்னை ரோனா என்று கூப்பிடவில்லை. நான் யார் என்று நன்றாகத் தெரிந்துதான் சொன்னார். "நீ எப்படியும் இருப்ப கிர்ஸ்டி. அவளுக்கு ஒண்ணு போட்டாத்தானே வருவா."

அவர் அன்பாகத்தான் சொன்னார். என் கையைத் தட்டிக்கூடக் கொடுத்தார். நான் போய்க் கோழிக்குத் தீனி வைத்தேன்.

அந்தத் திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் கவுண்ட்டரைத் திறந்தேன். வீட்டுக்குப் போ என்றார்கள், போகவில்லை. தந்திப் படிவத்தை எடுத்து உன் முகவரியை எழுதினேன். "வா" என்று எழுதினேன். சுருக்கமான வேலை. அனுப்பியிருந்தால் நீ புதன்கிழமை சிலுவையடியில் வந்து இறங்கியிருப்பாய். படிவத்தை நாலாக மடித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டு, விமானத் தபால் தாள் ஒன்றை எடுத்தேன். ஹாலிஃபாக்ஸுக்கு எட்டு நாள். அதை என்னைவிட யார் அறிவார்? முத்திரையை நானே குத்தினேன்.

வியாழக்கிழமை மழை இல்லை. வாட்டி தாளைப் பார்த்து உரக்கப் படித்தார். "ஒண்ணு. ரோனா டெய்ட்." யாரும் அசையவில்லை. அவர் மறுபடியும், "ரோனா டெய்ட்" என்றார்.

"இருக்கேன்" என்றேன் நான்.

நாம் பிறந்ததிலிருந்து வாட்டி நம்மைப் பார்க்கிறார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலைமாட்டுக் கயிற்றை என் கையில் கொடுத்தார். ஹெக்டரை என் இடத்துக்கு நகர்த்தி, அவன் இடத்துக்குக் கூட்டத்திலிருந்து ஒருவரைக் கூப்பிட்டார். ஏழு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கனமாக இருந்தது ரோனா. அப்பா இளைத்துப்போயிருந்தார், ஆனாலும் கனம். மெதுவாக விட்டேன். ஜூனில் நீ செய்ததை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேனே, அது போதும் என்று நினைத்தேன். கண்ணாடி வழியாகக் கை தெரிந்தது, அவர் சொன்னது கேட்கவில்லை. கடைசியில் கயிறு திடீரென்று லேசாகிவிட்டது. தரை தட்டிவிட்டது என்று நினைத்து விட்டுவிட்டேன்.

தட்டியிருக்கவில்லை.

ஒரு அடிதான் இருக்கும். தலைமாடு இடித்த சத்தம் பெரிதாக இல்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். வாட்டியும் சொன்னார். எனக்குக் கவுண்ட்டரில் ஒவ்வொரு முத்திரை குத்தும்போதும் அந்தச் சத்தம் கேட்கிறது.

மன்னித்துவிடு என்று எழுதவில்லை. அப்பாவைப்போல எனக்கும் அந்த வார்த்தை வரவில்லை. அந்தத் தந்திப் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்கு எழுதியதுதானே. உன்னிடமே இருக்கட்டும்.

கிர்ஸ்டி

---

ஹாலிஃபாக்ஸ்,
23 மார்ச் 1975

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். முதுகு வலிக்கிறது. நீ தூங்குகிறாயா? சாப்பிடுகிறாயா? இதையெல்லாம் உண்மையாகவே கேட்கிறேன். பதிலும் வேண்டும்.

இதற்கு முன் ஐந்து கடிதம் எழுதிக் கிழித்தேன். முதல் மூன்றை நீ படித்திருந்தால் தாங்கியிருக்க மாட்டாய். நாலாவதில் உன்னை மன்னித்திருந்தேன். அது அந்த மூன்றையும்விட மோசமாக இருந்தது.

நீ வாய்விட்டுக் கேட்டிருந்தால் தலைமாட்டை நானே உனக்கு விட்டுக்கொடுத்திருப்பேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது பொய். கொடுத்திருக்க மாட்டேன். ஐந்து மாதம் கலைக்களஞ்சியத்தைக் கயிற்றில் கட்டி இறக்கிக்கொண்டிருந்தவள் நான். உன் கை அதற்கு ஏங்கும் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. அம்மாவுக்கு நான் மட்டும்தான் மகள் என்பதுபோலப் போன வருஷம் பிப்ரவரியில் நான் எழுதிய கடிதத்தை நீ எப்படிப் படித்திருப்பாய் என்று இப்போது யோசிக்கிறேன். "உன்னைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை" என்று வேறு எழுதினேன்.

என்னை வரவழைக்கத்தான் அப்பா அந்த எண்ணைப் போட்டார் என்றால், அது ஜூனிலேயே நிறைவேறிவிட்டது. நான் வந்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். என் பங்கு எனக்குக் கிடைத்துவிட்டது. இதை நம்புவதற்கு இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன். சில நாள் முடிகிறது. சில நாள் முடியாமல், கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறேன். பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை.

இத்துடன் ஒரு அட்டை வைத்திருக்கிறேன். இங்கே இப்படி அச்சடித்துக் கிடைக்காது. நானே கோடு போட்டேன். எட்டுக் கோட்டில் ஏழு கோடுகளில் இன்னும் பெயர் இல்லை, யாரைப் போடுவது என்று தெரியவில்லை. ஒன்றாம் எண்ணில் உன் பெயர். என்னைக் கெல்பிரேயில், அம்மா அப்பாவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நூலகத் தலைவரிடம் கொடுத்திருக்கிறேன். உனக்குத் தந்தி வரும். ஒரு சொல்தான். நீ முந்திக்கொண்டால் எனக்கு யார் தந்தி கொடுப்பது என்று வாட்டியிடம் சொல்லிவை. கடிதம் வேண்டாம்.

அதற்கு முன் உனக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். எனக்கென்று வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னேனே, அது. அப்பா சுவரடியில் நின்று சொன்னது இதுதான். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"கடைசி ஒரு அடியில கயிறு லேசாயிடும். தரை தட்டிடுச்சுன்னு தோணும். விட்டுடாதே. அது தரை இல்ல. மத்த ஏழு பேரும் உன் பாரத்தையும் சேத்துத் தாங்குறாங்க, அதான் லேசா இருக்கு. இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ. தரை தட்டினா கயிறு உன் கையில தொவண்டுபோகும். அப்ப விடு."

உருளைக்கிழங்குச் சாக்கில் பழகிப் பார். பதினோரு தடவையாவது வேண்டும்.

உன் தங்கை,
ரோனா